மோய் ஆற்றங்கரையின் மூங்கில் வீடுகள்

தாய்லாந்தின் மேற்கு எல்லையிலுள்ள மே சோட் நகரிலிருந்து வடக்கே மே சரியாங் வரை 200 கிலோமீட்டருக்கும் மேலாக நீளும் 105ஆம் எண் நெடுஞ்சாலை, தன் வழியின் பெரும்பகுதியில் மோய் ஆற்றை மேற்கே வைத்துக்கொண்டு செல்கிறது. தாய்லாந்தின் பெரிய ஆறுகள் பலவும் தெற்கு நோக்கி ஓட, மியன்மாருடனான எல்லையாக அமைந்த இந்த ஆறு வடக்கு நோக்கி ஓடிச் சால்வீன் ஆற்றில் கலக்கிறது. மழைக்காலத்தில் கரைபுரளும் வெள்ளம், கோடையில் சில இடங்களில் இறங்கி நடந்தே கடக்கக்கூடிய அளவுக்கு வற்றிவிடுவதால், அக்கரையில் சண்டை மூளும்போதெல்லாம் கைக்குழந்தையும் அரிசி மூட்டையுமாக இக்கரை வந்து சேர்வது இங்குள்ள மக்களுக்குத் தலைமுறைகளாகப் பழகிப்போன துயரம். இந்தச் சாலையோரத்துச் சிற்றூர்களில், பெற்றோரை இழந்த அல்லது பிரிந்த குழந்தைகளுக்காக எழுந்த இல்லங்களையும், அவற்றைக் கட்ட வெளிநாட்டுத் தன்னார்வலர்களும் உள்ளூர்க் கரேன் தொழிலாளர்களும் சேர்ந்து கையாண்ட கைவழிக் கட்டுமான முறைகளையும் வழியோடு வழியாக விவரிப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரேன் என்பது ஒரே பெயரின் கீழ் வழங்கப்படும் பல இனக்குழுக்களின் தொகுப்பு. சீன-திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழிகளைப் பேசும் இம்மக்கள் ஆற்றின் இரு கரைகளிலும் எல்லைக்கோடு வரையப்படுவதற்கு முன்பிருந்தே வாழ்ந்து வருகின்றனர். பர்மா விடுதலை பெற்ற மறு ஆண்டிலேயே, 1949 ஜனவரியில், கரேன் தேசிய ஒன்றியத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையே தொடங்கிய ஆயுதப் போர் உலகின் மிக நீண்ட உள்நாட்டுப் போர்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1984இல் பர்மியப் படை மேற்கொண்ட தாக்குதலையடுத்து, அதுவரை வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்த மக்கள் திரும்பிச் செல்ல இயலாமல் தாய்லாந்து மண்ணிலேயே தங்க நேர்ந்தது. 1995இல் மோய் ஆற்றங்கரையில் இருந்த மானெர்ப்ளாவ் என்னும் கரேன் தலைமையகம் வீழ்ந்தபோதும், 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னரும் புதிய அலைகளாக மக்கள் வந்தனர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் தாய்லாந்து கையெழுத்திடவில்லையாதலால், இவ்வாறு வந்தவர்கள் சட்டத்தின் பார்வையில் தற்காலிகமாகத் தங்கவைக்கப்பட்டவர்களாகவே இருக்கின்றனர். இந்தத் ‘தற்காலிகம்’ அவர்களுடைய வீட்டுக் கூரை வரைக்கும் எட்டுவதை இந்த வழியில் செல்லும் எவரும் காணலாம்.

மே சோட்

பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மே சோட் நகருக்கு இரவுப் பேருந்தில் புறப்படுவோர், தாக் நகரைக் கடந்ததும் தொடங்கும் மலைப்பாதையின் வளைவுகளில் பொழுது விடியக் காண்பர். நகரின் மேற்கெல்லையில் 1997இல் திறக்கப்பட்ட தாய்-மியன்மார் நட்புறவுப் பாலத்துக்கு அப்பால் மியாவாடி நகரம் தெரியும். காலைச் சந்தையில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிய கன்னங்களுடன் காய்கறி விற்கும் பெண்களும், லுங்கி உடுத்திய சுமைகூலியாட்களும், வெற்றிலைக் கடைகளும் இந்நகரின் பாதி உயிர் ஆற்றுக்கு அக்கரையைச் சேர்ந்தது என்பதைச் சொல்லிவிடுகின்றன. கரேன் மருத்துவரான சிந்தியா மாங் 1989இல் தொடங்கிய மே தாவ் மருத்துவமனை இன்றும் எல்லை கடந்து வரும் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து வருகிறது.

பாலத்துக்கு அப்பால் மேற்கே செல்லும் சாலை பா-ஆன் வழியாக, தமிழர் மோல்மேன் என்றழைத்த மவ்லமைன் துறைமுகத்தைச் சென்றடைகிறது. 19ஆம் நூற்றாண்டில் சால்வீன் ஆற்றிலும் அதன் கிளைகளிலும் மிதக்கவிடப்பட்ட தேக்கு மரங்கள் இந்தத் துறைமுகத்திலேதான் கரையேற்றப்பட்டுக் கப்பல்களில் ஏற்றப்பட்டன. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் புகழ் தந்த பர்மாத் தேக்கின் பிறப்பிடங்களுள் இந்த ஆற்றுவெளியும் ஒன்று. அந்தக் காடுகள் பெருமளவு வெட்டப்பட்டுவிட்ட நிலையில், மலைவாழ் மக்களுக்கு எளிதில் கிடைக்கும் கட்டுமானப் பொருளாக எஞ்சியிருப்பது மூங்கில். குழந்தைகள் இல்லங்களைக் கட்டும் குழுக்கள் போல்ட்டும் நட்டும் சிமென்டும் இந்நகரக் கடைகளில் வாங்கிக்கொண்டு வடக்கே புறப்படுகின்றன. மற்றவை பெரும்பாலும் கட்டுமிடத்தைச் சுற்றியே கிடைத்துவிடுகின்றன.

மே லா

மே சோட்டிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வடக்கே, செங்குத்தான சுண்ணாம்புக்கல் மலையின் அடிவாரத்தில், சாலையை ஒட்டியே முள்வேலிக்குப் பின்னால் இலைக்கூரைகள் அடுக்கடுக்காக மலைச்சரிவில் ஏறுகின்றன. எல்லையோரத்திலுள்ள ஒன்பது அகதி முகாம்களில் மிகப் பெரியதான மே லா இதுவே. 1984இல் ஏறத்தாழ ஆயிரம் பேருடன் தொடங்கி, இன்று முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழுமிடமாக வளர்ந்திருக்கிறது. முகாம் என்ற பெயருக்கு ஏற்ப இங்கே நிலையான கட்டடம் கட்டுவதற்கு அனுமதி கிடையாது. காங்கிரீட் தவிர்க்கப்பட்டு, மூங்கில், யூகலிப்டஸ் கம்பு, இலை ஆகியவற்றால் மட்டும் வீடு கட்டிக்கொள்ள வேண்டும் என்பதே பல்லாண்டு நடைமுறை. முகாம்களுக்கு உணவும் உறைவிடப் பொருள்களும் வழங்கி வந்த ‘தி பார்டர் கன்சார்ட்டியம்’ என்னும் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு, பழுது பார்ப்பதற்கென மூங்கிலையும் கூரை இலையையும் குடும்ப வாரியாக அளந்து கொடுத்து வந்தது.

கூரை வேயப் பயன்படும் இலை, குங்கிலியக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டு மரத்தினுடையது. கோடைத் தொடக்கத்தில் தானே உதிரும் அகன்ற இலைகளைப் பொறுக்கி, நீரில் நனைத்து மென்மையாக்கி, மெல்லிய மூங்கில் பிளாச்சின்மேல் ஒவ்வொன்றாக மடித்து, மூங்கில் நாரால் தைத்துவிட்டால் நீளமான ஓர் இலைச்சரம் கிடைக்கும். பிளாச்சு என்பது மூங்கிலை நெடுக்குவாட்டில் பிளந்து சீவிய பட்டை. இத்தகைய சரங்களை இறவாணத்திலிருந்து முகடு வரை ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்குமாறு நெருக்கமாகக் கட்டிச் செல்வதே வேய்தல். சாய்வு எவ்வளவு செங்குத்தாக இருக்கிறதோ அவ்வளவுக்கு மழைநீர் தங்காமல் வழிந்து, இலை நாள்பட உழைக்கும். ஆயினும் இரண்டு மூன்று மழைக்காலங்களுக்கு மேல் அது தாங்குவதில்லை. வீடு கட்டும் அறிவு முகாமிலும் அழிந்துபோகாமல் இருப்பதற்கு இந்தக் குறையே ஒருவகையில் காரணமாக இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரையைப் பிரித்து வேய வேண்டியிருப்பதால், எந்த வீட்டுப் பையனும் பெண்ணும் கட்டுமான வேலையைப் பார்த்தும் செய்தும் வளர்கின்றனர்.

நோ போவில் பட்டாம்பூச்சி வீடுகள்

மே லாவைக் கடந்து தா சோங் யாங் வட்டாரத்தில் மேலும் வடக்கே செல்லும் பயணி, ஆற்றங்கரையில் நோ போ என்னும் சிற்றூரை அடைகிறார். ஊராரில் பெரும்பாலோர் கரேன் அகதிகள். அவர்களில் குழந்தைகள் கணிசமானோர். நார்வேயின் லெவாங்கர் நகரைச் சேர்ந்த ஓலே யோர்கன் எட்னா 2006இல் இங்கே ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 24 குழந்தைகளுடன் தொடங்கிய அந்த இல்லத்தை ஏறத்தாழ 50 பேர் தங்கும் அளவுக்கு விரிவாக்க வேண்டிய தேவை எழுந்தபோது, த்ரோண்ட்ஹைம் நகரிலுள்ள நார்வே அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்கள் அப்பணியை ஏற்றுக்கொண்டனர். ஆண்ட்ரியாஸ் யெர்ட்சன், யாஷர் ஹான்ஸ்டாட் ஆகியோர் முன்நின்று அமைத்த அக்குழு ‘டியின்’ என்ற பெயரில் 2008 இறுதியில் நோ போ வந்து, உள்ளூர்த் தொழிலாளர்களுடன் சேர்ந்து 2009 தொடக்கத்தில் ஆறு உறங்கும் வீடுகளைக் கட்டி முடித்தது.

அநாதை இல்லம் என்றதும் வரிசையாகக் கட்டில்கள் இடப்பட்ட ஒரே நீண்ட கூடம் நினைவுக்கு வருவது இயல்பு. செலவு குறைவு, கண்காணிப்பது எளிது என்பதால் உலகெங்கும் அந்த அமைப்பே பரவியிருக்கிறது. நோ போவில் அதைத் தவிர்த்து, சிறு சிறு வீடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கென்று சொல்லிக்கொள்ள ஓர் இடமும், வீடுகளுக்கிடையே கூடி விளையாடத் தெருவைப் போன்ற திறந்தவெளியும் கிடைக்குமாறு அமைத்தனர். ஊரில் பெற்றோருடன் இருந்திருந்தால் அக்குழந்தைகளுக்கு எவ்வகைச் சூழல் வாய்த்திருக்குமோ அதற்கு நெருக்கமான ஒன்றை உருவாக்குவதே திட்டத்தின் அடிப்படையாக இருந்தது. இறக்கை விரித்தாற்போல் மேல்நோக்கி எழும் கூரைகளைக் கண்ட கரேன் தொழிலாளர்கள் அவற்றைத் தம் மொழியில் ‘சோ கெர் தீ’, அதாவது பட்டாம்பூச்சி வீடுகள், என்று அழைத்தனர். அந்தக் கூரை வடிவம் வெப்பக்காற்று வெளியேற இடம் தருவதோடு, மழைநீரைத் திரட்டி வறண்ட மாதங்களுக்குச் சேமிக்கவும் உதவுகிறது.

பக்கச் சுவர்களும் பின்சுவர்களும் உள்ளூர் வீடுகளில் வழங்கும் அதே முடைதல் முறையில் மூங்கிலால் அமைந்தவை. மூங்கிலில் பெரும்பகுதி சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளேயே வெட்டப்பட்டது. இந்த வேலையில் மாணவர்கள் கற்றுக்கொள்ளும் இடத்திலும் கரேன் தொழிலாளர்கள் கற்பிக்கும் இடத்திலும் இருந்தனர். மாணவர்கள் பங்களித்தது வேறு மூன்று இடங்களில். முதலாவது அடித்தளம். மரபான வீடுகளில் கால்கள் நேரடியாக மண்ணில் நடப்படுவதால் ஈரமும் கறையானும் அடியிலிருந்தே அரித்துவிடும். பழைய வாகன டயர்களையே அச்சாகக் கொண்டு அவற்றுள் காங்கிரீட் வார்த்து, அவற்றின்மேல் கால்களை நிறுத்தியதால், வீடு தரையிலிருந்து உயர்ந்து ஈரத்திலிருந்து தப்பியது. இரண்டாவது சட்டகம். இரும்பு மரம் என்று பொதுவாக வழங்கப்படும் வன்மரத் துண்டுகளை முன்கூட்டியே அளவாக அறுத்து, கட்டுமிடத்தில் போல்ட்டுகளால் இணைத்தனர். மூன்றாவது விறைப்பு. இரண்டு கால்களும் இரண்டு உத்தரங்களும் சேர்ந்த ஒரு செவ்வகம் பக்கவாட்டுக் காற்றில் எளிதில் சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை ஒரு சாய்வுக் கட்டையை இணைத்து அதை முக்கோணங்களாகப் பிரித்துவிட்டால் சாயாது. சிறு கட்டையில் அடங்கும் இந்த அறிவு ஊராரின் அடுத்தடுத்த வீடுகளுக்கும் பரவ வேண்டும் என்பதே அக்குழுவின் எதிர்பார்ப்பு.

மூங்கில் வேலை

மூங்கில் வேலை காட்டிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு புதரில் எல்லா மூங்கிலும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. ஓராண்டு மூங்கில் உயரத்தில் முழு வளர்ச்சி பெற்றிருந்தாலும் அதில் சதைப்பற்றும் நீரும் மிகுதி. காய்ந்ததும் சுருங்கி வெடித்துவிடும். மூன்று, நான்கு ஆண்டு ஆனதே கட்டடத்துக்கு ஏற்றது. கணுக்களைச் சுற்றியிருந்த உறைகள் முற்றும் உதிர்ந்திருப்பதையும், பளபளப்பு மங்கி வெண்சாம்பல் நிறத் திட்டுகள் படர்ந்திருப்பதையும், கத்தியின் பின்புறத்தால் தட்டும்போது எழும் கணீரென்ற ஓசையையும் கொண்டு முற்றிய மூங்கிலை அடையாளம் காண்கின்றனர். மழைக்காலம் முடிந்த பின் வெட்டுவது வழக்கம். அப்போது மூங்கிலில் மாவுச்சத்து குறைந்திருக்கும். மூங்கிலைத் துளைத்து மாவாக்கும் உளுப்பூச்சி நாடி வருவது இந்த மாவுச்சத்தையே என்பதால், வெட்டியதை ஓடைநீரில் சில வாரங்கள் ஊறவிட்டு எஞ்சிய சத்தையும் கரைத்துவிடுகின்றனர். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைப்பது இதே நோக்கத்துக்கான பிற்கால முறை.

ஊறிய மூங்கிலைப் பிளப்பதில் கையின் திறம் வெளிப்படுகிறது. நுனிப்பக்கத்தில் கத்தியை வைத்து மரச்சுத்தியலால் ஒரு தட்டு தட்டிப் பிளவை உண்டாக்கியபின், கத்தியை முறுக்கி முறுக்கி முன்னகர்த்த, கணுவுக்குக் கணு வெடியோசையுடன் மூங்கில் இரண்டாகப் பிரியும். இரண்டு நான்காகி, நான்கு எட்டாகும். பிளவு ஒரு பக்கமாக ஒதுங்கத் தொடங்கினால், தடித்த பக்கத்தைக் காலால் அழுத்தி வளைத்து, பிளவை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவருகின்றனர். பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த அசைவைப் புதிதாக வருவோர் உடனே செய்துவிட முடியாது; அவர்கள் பிளக்கும் பட்டை பாதி வழியிலேயே ஒடுங்கி முடிந்துவிடும். உட்புறத்து மென்பகுதியைச் சீவி நீக்கி, தோல் பக்கத்துப் பிளாச்சுகளைத் தரையில் பரப்பி, இரண்டின் மேலும் இரண்டின் கீழுமாகப் பாய் போல முடைந்து சென்றால் சுவருக்கான தட்டி உருவாகிறது. ஊடும் பாவும் ஓரிழை மாறி மாறி நகர்வதால் தட்டியில் சாய்வான வரிகள் தாமாகவே தோன்றுகின்றன.

தளத்துக்கு வேறொரு முறை. முழு மூங்கிலின் ஒவ்வொரு கணுவிலும் சுற்றிச் சுற்றி நெருக்கமாகக் கொத்திவிட்டு, ஒரு பக்கம் மட்டும் நெடுகப் பிளந்து, உள்ளிருக்கும் கணுத்தடுப்புகளைச் செதுக்கி நீக்கி, காலால் மிதித்து விரித்தால் மூங்கில் ஒரு பலகையாக மலர்ந்துவிடும். இத்தளத்தில் நடக்கும்போது மெல்லிய துள்ளல் இருக்கும். இடுக்குகளின் வழியே கீழிருந்து காற்று ஏறும். பெருக்கும் தூசி கீழே விழுந்துவிடும். இணைப்புகளுக்கு ஈரமான மூங்கில் நாரையே முறுக்கிக் கட்டுகின்றனர். அது காயக்காயச் சுருங்கி முடிச்சை இறுக்குகிறது. இவ்வேலை முழுவதற்கும் ஒரு நல்ல கத்தி, கைவாள், மரச்சுத்தியல், உளி, நூல், தூக்குக்குண்டு ஆகியவையே போதுமானவை.

மண் வேலை

இதே எல்லைப்பகுதியில் பரவியுள்ள மற்றொரு கைவழி முறை பச்சைக் கல் கட்டுமானம். சுடாமல் வெயிலில் உலர்த்திய மண்கல்லால் எழும் வீட்டைத் தாய் மொழியில் ‘பான் தின்’, மண் வீடு, என்கின்றனர். சியாங் மாய் அருகே பன் பன் பண்ணையை 2003இல் நிறுவிய ஜோன் ஜந்தாய் போன்றோரின் பயிற்சி முகாம்களால் இது தாய்லாந்தில் புத்துயிர் பெற்றது. நோ போ திட்டத்தில் பங்கேற்ற நிலத்தோற்றக் கலைஞர் லீனே ராம்ஸ்டாட் அங்கேயே தங்கி, கரேன் தொழிலாளர்களைக் கொண்டு அமைத்த ‘ஜாவ் ஜாவ்’ குழுவும் மண்கல், மரம், மூங்கில் ஆகியவற்றால் பள்ளிகளையும் மாணவர் விடுதிகளையும் கட்டியது.

தன்னார்வலர் கூட்டம் மிகுதியாகப் பயன்படுவது இந்த வேலையில்தான். ஆழமில்லாத குழியில் களியும் மணலும் கலந்த மண்ணைக் கொட்டி, நீர்விட்டு ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் உமியைத் தூவி, முழங்கால் வரை சேறேறக் கூட்டமாக மிதிக்கின்றனர். களிமண் மிகுந்தால் உலரும்போது கல் வெடிக்கும். மணல் மிகுந்தால் விளிம்பு உதிரும். உமி வெடிப்பைத் தாங்கிப் பிடிக்கும். பதம் வந்ததை மரச்சட்ட அச்சில் அறைந்து நிரப்பி, கையால் வழித்துச் சமன்செய்து, அச்சை உடனே தூக்கிவிடுகின்றனர். சில நாள் வெயிலில் காய்ந்தபின் ஒவ்வொரு கல்லையும் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்து மறுபுறத்தையும் உலர்த்த வேண்டும். பின்னர், அதே மண்ணைச் சாந்தாகக் கொண்டு வரிசை மேல் வரிசையாக அடுக்கி, மண்பூச்சுப் பூசி முடிக்கின்றனர். சுவர் தடிமனாக இருப்பதால் பகல் வெப்பம் உள்ளே இறங்கத் தாமதமாகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடும் வெயில் காயும் இப்பகுதியில் பகல்நேர வகுப்பறைக்கு இது பெரும் பயன். மாறாக, இரவில் விரைவாகக் குளிர வேண்டிய உறங்குமிடத்துக்குக் காற்றோடும் மூங்கில் சுவரே பொருத்தம். கட்டடத்தின் பயனைப் பார்த்தே மண்ணா மூங்கிலா என்பதை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

நோ போவுக்கும் வடக்கே, பான் தா சோங் யாங் என்னும் ஊரிலுள்ள மற்றொரு குழந்தைகள் இல்லத்தில் 2009 தொடக்கத்தில் டியின் குழுவினரும், பின்லாந்துக் கட்டடக் கலைஞர் சாமி ரிந்தாலா வழிநடத்திய நார்வே மாணவர் பயிலரங்கினரும் சேர்ந்து ஒரு நூலகத்தையும் ஒரு குளியலறைக் கட்டடத்தையும் எழுப்பினர். நூலகத்துக்கு அருகிலேயே திரட்டிய கற்களைப் பரப்பி அதன்மேல் தளம் வார்த்து, காங்கிரீட் கட்டிச் சுவர்களையும் திறந்த மூங்கில் முகப்பையும் இணைத்திருப்பது, மரபுப்பொருளையும் புதுப்பொருளையும் தேவைக்கேற்பக் கலப்பதற்கு நல்ல சான்று. குளியலறை, கழிவறை, துணி துவைக்குமிடம், மழைநீர் வடிகால் போன்றவை புகைப்படங்களில் அவ்வளவாக இடம்பெறாவிட்டாலும், ஒரே கூரையின்கீழ் பல குழந்தைகள் வாழும் இடத்தில் நோயைத் தடுப்பதில் அவற்றின் பங்கு பெரிது.

தன்னார்வலரின் இடம்

இத்தகைய இல்லங்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்கக்கூடாத கேள்விகள் இரண்டு உள்ளன. முதற்கேள்வி, அநாதை இல்லம் என்னும் அமைப்பையே பற்றியது. எல்லைப்பகுதி விடுதிகளில் வாழும் பிள்ளைகள் எல்லோரும் பெற்றோரை இழந்தவர்கள் அல்லர். அக்கரையில் பள்ளிக்கூடம் இல்லாததாலும் பாதுகாப்பு இல்லாததாலும், உயிரோடிருக்கும் தாய் தந்தையரே அனுப்பி வைத்த பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. கம்போடியாவில் இல்லங்களில் வளரும் குழந்தைகளில் நான்கில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடிருப்பதாக யுனிசெஃப் எடுத்துக்காட்டியிருக்கிறது. பார்வையாளர்களின் நன்கொடைக்காகவே குழந்தைகளைத் திரட்டி வைக்கும் இல்லங்கள் பல நாடுகளில் பெருகிய பின்னணியில், 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், குடும்பத்திலேயே குழந்தை வளர்வதற்கு முன்னுரிமை அளிக்க வேண்டும் என்றும், இல்லங்களை மையமிட்ட தன்னார்வச் சுற்றுலாவின் தீங்குகளைத் தடுக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது. போர் நீடிக்கும் எல்லையில் விடுதியின் தேவை அடியோடு மறைந்துவிடப் போவதில்லை. ஆனால், அதை வீட்டுக்குப் பதிலாகக் கருதாமல், பிள்ளை வீடு திரும்பும் வரைக்குமான தங்குமிடமாகக் கருதினால் கட்டடத்தின் அளவும் அமைப்பும் மாறும். சிறு சிறு வீடுகளாகப் பிரித்த நோ போ திட்டம் அந்த வகையில் சரியான திசையில் எடுத்துவைத்த அடி.

இரண்டாம் கேள்வி, கட்டுமானத்தில் தன்னார்வலருக்கு உள்ள இடம். மூங்கில் பிளக்கத் தெரியாத ஒருவர் ஒரு வாரம் வந்து செய்யும் வேலையை உள்ளூர்த் தொழிலாளி ஒருவர் அதைவிட விரைவாகவும் திருத்தமாகவும் முடித்துவிடுவார். வந்தவரின் விமானக் கட்டணமே பலருடைய பல நாள் கூலிக்கு ஈடாகும். இந்தக் கணக்கைத் தெரிந்தவர்கள், கூலிக்கு வாய்ப்புள்ள இடத்தில் இலவச உழைப்பைக் கொண்டுவந்து நிரப்புவதைத் தவிர்க்கின்றனர். மாதக்கணக்கில் தங்கி, ஊராரிடம் வேலை கற்று, ஊராருக்குக் கூலி கொடுத்து, அடித்தளம், விறைப்பு, ஈரத்தடுப்பு போன்ற இடங்களில் தம் படிப்பறிவைச் சேர்த்த நோ போ மாணவர்களின் முறை இதற்கு ஏற்ற மாற்று வழி. குறுகிய காலமே தங்கக் கூடியவர்களுக்கும் மண் மிதிப்பதிலும் கல் அறுப்பதிலும் சுமந்து அடுக்குவதிலும் இடமுண்டு. திறமையான கையை அவை வேறு வேலைக்கு விடுவிக்கின்றன.

பராமரிப்பு

கைவழிக் கட்டுமானத்தைப் போற்றுவோர் அதன் வரம்புகளை மறைப்பது அதற்கு நன்மை செய்வதாகாது. பதப்படுத்தாத மூங்கில் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளும், கூரையின் நிழலில் காய்ந்திருந்தால் நான்கு முதல் ஏழு ஆண்டுகளும் உழைக்கும் என்பது பொதுக்கணக்கு. இலைக்கூரைக்குத் தீ பெரும் பகை: 2013 மார்ச்சில் மே ஹோங் சோன் மாகாணத்து பான் மே சுரின் முகாமில் பரவிய தீயில் 37 பேர் இறந்தனர். நெருக்கமாக வீடு கட்டும் கட்டாயமும் சமையலடுப்பும் காய்ந்த இலையும் ஒன்றுசேர்ந்தால் நேரக்கூடிய ஆபத்து அது. ஆகவே வீட்டுக்கு வீடு இடைவெளி விடுவது, அடுப்பைத் தனிக்கொட்டிலுக்கு மாற்றுவது, இரு பக்கமும் வெளியேற வழி அமைப்பது ஆகியவற்றைக் குழந்தைகள் இல்லத்தின் வரைபடத்திலேயே சேர்க்க வேண்டும்.

மண்சுவருக்கு மேலே அகன்ற இறவாணமும் கீழே கல் அடித்தளமும் இருந்தால் சாரலையும் தரை ஈரத்தையும் தாங்கும். அவ்வப்போது மண்பூச்சைப் புதுப்பிக்க வேண்டும். இதற்குத் தேவையான மண்ணும் உமியும் ஊரிலேயே கிடைப்பதும், பூசத் தெரிந்த கை இல்லத்திலேயே இருப்பதும் இம்முறையின் வலிமை. வெளியூர்ப் பொருளால் வெளியூர் ஒப்பந்தக்காரர் கட்டிய கட்டடத்தில் ஒரு விரிசல் விழுந்தால், அதைச் சரிசெய்ய மறுபடி நன்கொடை திரட்ட வேண்டும். மூங்கில் தட்டி உளுத்தால், அதை முடைந்த தொழிலாளியோ அவரிடம் கற்ற விடுதி மாணவரோ அரை நாளில் வேறொன்று மாற்றிவிடுவார். எல்லையோரக் குடும்பங்களுக்கு எந்த நேரத்திலும் இடம்பெயர நேரலாம் என்பதையும் நோக்கினால், பிள்ளைகளுடன் கூடவே செல்லக்கூடிய சொத்து இந்த வேலைத்திறன்.

மே மாதத்தில் தொடங்கி அக்டோபர் வரை நீடிக்கும் மழை, இங்குக் கட்டப்படும் எதற்கும் நடக்கும் சோதனை. நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான உலர்ந்த குளிர்மாதங்களில் தன்னார்வலர்கள் வருகின்றனர், வேலை நடக்கிறது, புகைப்படங்கள் எடுக்கப்படுகின்றன. மழை இறங்கும் முன் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிடுகின்றனர். ஆகவே இத்தகைய இல்லமொன்றுக்கு உதவ விரும்புவோர் வருகைக்கான நாளைக் குறிப்பதற்கு முன், அங்குள்ள குழந்தைகளின் குடும்பங்கள் எங்கே இருக்கின்றன, கட்டடத்தைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது, மூன்றாம் மழைக்குப் பின் தட்டி மாற்றுவோருக்குக் கூலி எங்கிருந்து வரும் என்பவற்றைக் கேட்டறிவது நல்லது. இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்கும் இல்லத்தில் ஒரு பருவம் மண் மிதிப்பது பயனுள்ள உழைப்பு. விடை கிடைக்காத இடத்தில், கட்டுமானம் எவ்வளவு அழகாக அமைந்தாலும், அடுத்த நன்கொடையாளர் வரும் வரை கூரையின் கீழே பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடிக்க வேண்டியவர்கள் அந்தக் குழந்தைகளே.